தோல்வியறியா அணிக்கு அடைபட்ட வாசல்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அணிகள் நூற்றுக்கு மேற்பட்டிருக்க, அவையெல்லாம் ஒன்றோடொன்று மோதுவது சாத்தியமில்லையாதலால், சாம்பியன் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் நுழையத் தக்கவர் யாரென்பதை 13 பேர் கொண்ட தேர்வுக் குழு நிர்ணயிப்பதை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் 2023-இல், ஆடிய 13 ஆட்டங்களையும் வென்று அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டமைப்பின் பட்டத்தையும் சூடிய ஃபுளோரிடா ஸ்டேட் அணியை, அதன் தாக்குதலை வழிநடத்திய குவாட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் நவம்பரில் காலில் படுகாயமுற்று விலகியதையே பிரதான காரணமாக்கி ஐந்தாம் இடத்துக்குத் தள்ளி, ஒரு தோல்வி கண்ட அலபாமாவுக்கு நான்காவதும் கடைசியுமான இடத்தை அளித்தது அநீதி.

பலம்வாய்ந்த ஜார்ஜியா அணியை வீழ்த்திய அலபாமாவின் பராக்கிரமம் அற்பமன்று. அதை மனமார ஒப்புகிறேன். எனினும் டிராவிஸ் இல்லாமலே, அனுபவமற்ற முதலாண்டு மாணவரை அவர் ஸ்தானத்தில் நிறுத்தி, தற்காப்பு வீரர்களின் திடத்தால் லூயிவில் அணியை 16-6 என்று வென்றவர்களிடம், இனி உங்களால் வெல்ல இயலாது என்று அனுமானத்தின் பேரில் தீர்ப்புரைக்க எவருக்கு அதிகாரம்? பின்னர் பிளேஆஃப் சுற்றில் சேராத ஆரஞ்சு பௌல் ஆட்டத்தில் அவ்வணி ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றதைக் காட்டிக் குழுவை நியாயப்படுத்துவோர், பட்ட வாய்ப்புப் பறிபோனபின் முக்கிய வீரர் பலர் அந்த ஆட்டத்தில் இறங்கவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.