போல்ட்டா, ஸ்டட்டா?

மாருதி, ஹூண்டாய் ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் புலம்பல் புரியாது. அவர்கள் கார்களில் ஹப்பிலிருந்தே ஸ்டட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். வீலை மாட்டினால் தொங்கும், நட்டை முடுக்கினால் வேலை முடிந்தது. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஃபியட் புன்டோ மாதிரி ரகங்களில் ஹப்பில் வெறும் ஓட்டைதான். வீலைத் தாங்கிப் பிடித்து, ஓட்டைக்கு ஓட்டை பார்த்து போல்ட்டைத் திருக வேண்டும்.

நம்மதும் அந்த ரகம். புனேயிலிருந்து தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஹூப்ளி தாண்டி ராத்திரி பதினோரு மணிக்குப் பஞ்சர். மழை வேறு. தங்கமணி குடையும் டார்ச்சுமாக நிற்க, நான் கால் கட்டைவிரலால் டயரை நெம்பிக்கொண்டு சர்க்கஸ் காட்டினேன். முக்கால் மணி நேரம்!

"ஸ்டட்டா மாத்திடுங்க பாஸ்" என்றார் ஆபீஸ் நண்பர். ஆர்டர் போடும் வரை போய்விட்டு வேண்டாமென்று விட்டேன்.

மாருதி ஸ்டட் ஹப்பின் பின்பக்கமிருந்து அழுத்திச் செருகியது. அதன் தலை பின்னால் பிடித்துக்கொள்ளும். நாம் மாற்றிப் போடுவது முன்பக்கமிருந்து திருகுவது. மரையும் திரெட்லாக் பசையும்தான் பிடிமானம். நட் துருவேறி இறுகினால் ஸ்டட்டும் சேர்ந்து கழன்று வரும். அதைவிடப் பெரிய வம்பு, நட் உட்காரும் இடம். ஃபோக்ஸ்வேகன் வீலில் அது உருண்டை வடிவம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூம்பு நட். முடுக்கினால் இறுகியது போலத்தான் இருக்கும், ஆனால் மெல்லிய ஒரு வளையத்தில்தான் தொட்டுக்கொண்டிருக்கும். ஓட ஓடத் தளரும். பின் சீட்டில் பையன் தூங்கும்போது இந்தப் பரிசோதனை எனக்கு வேண்டாம்.

ரேஸ் ஓட்டுகிறவர்கள் மாற்றட்டும், நியாயம். அடிக்கடி வீல் கழற்றினால் ஹப்பின் மரை தேயும். ஸ்டட் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். நான் கழற்றுவது வருஷத்துக்கு இரண்டு தடவை.

நிஜ வில்லன் டயர் கடைக் காற்று கன். போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர் போதும். அவர்கள் இறுக்குவதை ரோட்டோரத்தில் ஸ்பானர் மேல் ஏறி நின்றாலும் கழற்ற முடியாது. இப்போது டார்க் ரெஞ்ச் வாங்கிவிட்டேன்.

தொங்கவிடும் பிரச்சினைக்கு கைடு பின் ஒன்று போதும். ஒரு ஓட்டையில் அதைத் திருகி, வீலை மாட்டி, மற்ற போல்ட்களைப் போட்டபின் அதைக் கழற்றி கடைசி போல்ட்டைப் போடலாம். லேத்தில் செய்வதானால் மரை 14க்கு 1.5 என்று சொல்லுங்கள். சாதாரண 14 மி.மீ. போல்ட்டின் மரை 2 மி.மீ., பலவந்தமாகத் திருகினால் ஹப் போச்சு.

டிக்கியைச் சுத்தம் செய்யும்போது தங்கமணி அதை ஏதோ கம்பி என்று தூக்கிப் போடாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது என் கவலை :-)