வீட்டோரத்து மண்ணும் மருந்தே

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை நிரையாக மரம் சீவி, பாலைச் சுமந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் தொழிலாளியிடம், "மாலையில் மண்வெட்டியை எடுத்துக் கொஞ்சம் கொத்துங்கள், உடம்புக்கும் மனத்துக்கும் நல்லது" என்று சொன்னால், அவர் சிரிக்கக்கூடும். நாள் முழுவதும் மரத்தோடு மல்லுக்கட்டியவருக்கு இன்னும் என்ன செடியும் கொடியும் என்று கேட்கவும் கூடும். நியாயமான கேள்விதான்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை நாம் மறந்துவிடக் கூடாது. தீம்பாரில் அவர் தொடும் மரம் அவருடையதல்ல. எத்தனை மரம், எத்தனை கிலோ என்பதை வேறொருவர் கணக்கிடுகிறார். மழை பெய்தால் வெட்டு இல்லை, வருமானமும் குறைகிறது. வீட்டோரத்துப் பாத்தியிலோ அவரே துரை, அவரே கங்காணி. வெண்டை காய்த்தால் அது அவர் பிள்ளைகளின் தட்டுக்கு வருகிறது. தன் விருப்பப்படி செய்யும் வேலை மனத்தை ஆற்றுகிறது.

இதை வைத்திய உலகமும் ஆராய்ந்திருக்கிறது. அமெரிக்காவில் அறுவைச் சிகிச்சை பெற்ற 46 நோயாளிகளைப் பற்றி ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984இல் எழுதினார். ஜன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், வெறும் செங்கற்சுவரைக் கண்டவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 2011இல் நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், மன அழுத்தத்துக்குள்ளானவர்கள் 30 நிமிடம் தோட்ட வேலை செய்ததும் அழுத்தம் தணிந்தது. புத்தகம் படித்தவர்களைவிட இவர்கள் நன்றாகவே தேறினார்கள். சிங்கப்பூர் அரசாங்கம் 2016இல் ஹோர்ட்பார்க்கில் நோய் தணிக்கும் பூங்காவையே திறந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து செக்ரோல் பார்க்கும் கிராணிமாருக்கும் இது பொருந்தும். மலேசியாவில் 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, வயதுவந்த இந்தியர்களில் பத்தில் மூவருக்கு நீரிழிவு இருந்தது. குனிந்து நிமிர்ந்து களை பறிப்பதும், சொந்தக் கீரையைச் சமைப்பதும் அந்நோயை எதிர்க்க உதவும். எனினும் செடி வளர்க்கிறோம் என்று டாக்டரின் மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

இந்த மண் நமக்கு யாரும் போட்ட பிச்சையல்ல. குடும்பமுள்ள தொழிலாளிக்கு, பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 2,700 சதுர அடி, ஒதுக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் ஆட்சிக் காலத் தொழிலாளர் சட்டமே கூறியது. 1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானியர் ஆட்சியில், அரிசி கிடைக்காத குடும்பங்கள் பலவற்றைக் காப்பாற்றியது மரவள்ளிக் கிழங்கு. நம் பாட்டிமார் நட்ட முருங்கையும் கருவேப்பிலையும் கற்பூரவல்லியும் லயத்து வாசலில் ஓர் ஆஸ்பத்திரியாக நின்றன.

இன்று நிலைமை என்ன? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல இடங்கள் வீடமைப்பு நிலமாயின. வெளியேறியவர்களில் பலர் அடுக்குமாடிகளில் குடியேறினார்கள். தலைக்கு மேல் கூரை கிடைத்தது. காலுக்குக் கீழே மண் போயிற்று. வேலையும் போய், பழகிய மண்ணும் போன முதியவர் நான்கு சுவருக்குள் நாளெல்லாம் என்ன செய்வார்? அவர் மனம் சோர்ந்தால், மதுப்புட்டியை நாடினால், அவரை மட்டும் குறை கூறி என்ன பயன்?

ஆகவே நாம் வலியுறுத்துவது இது: தோட்ட மக்களுக்கு மாற்று வீடு பற்றிப் பேச்சுவார்த்தை நடக்கும்போதெல்லாம், பயிரிட நிலமும் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டும். அடுக்குமாடியானால், குடியிருப்போர் கூடிப் பயிரிடப் பொதுநிலம் ஒதுக்கப்பட வேண்டும். இதைக் காட்டிச் சம்பளக் கோரிக்கையை எவரும் தள்ளிவைக்கவும் நாம் இடந்தரக் கூடாது. கீரைப் பாத்தி கூலிக்கு ஈடாகாது.

தோழர்களுக்கும் இரண்டு வார்த்தை. தொட்டியிலும் டின்னிலும் தேங்கும் நீரை வாரந்தோறும் தவறாமல் கொட்டுங்கள்; டிங்கிக் கொசு அங்கேதான் பெருகும். களைக்கொல்லி இருந்த கலத்தை எவ்வளவு கழுவினாலும் அதில் கீரை விதைக்காதீர்கள்.

இடம் உள்ளவர்கள் இந்த வாரமே ஒரு பாத்தி வெட்டுங்கள். இடம் இல்லாதவர்கள் கிளைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். மண்ணைப் பொன்னாக்கிய மக்களுக்கு ஒரு பிடி மண் கேட்கும் உரிமை உண்டு.