ஊதுபத்திக்குத் தரநிலை வந்துவிட்டது, உருட்டும் பெண்களுக்கு?

2025 டிசம்பர் மாதம், தேசிய நுகர்வோர் தினத்தையொட்டி, ஊதுபத்திக்கான ஐஎஸ் 19412:2025 என்ற தரநிலையை மத்திய அரசு வெளியிட்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்துள்ள இந்தத் தரநிலை, தீங்கு விளைவிக்கும் சில பூச்சிக்கொல்லி வேதிப்பொருள்களின் பயன்பாட்டுக்குத் தடை விதிக்கிறது. இயந்திரத் தயாரிப்பு, கைத் தயாரிப்பு, பாரம்பரிய மசாலா ஊதுபத்தி என மூன்று வகைகளையும் அது அங்கீகரிக்கிறது.

இந்த அறிவிப்பை மைசூரிலிருந்து பார்க்கும்போது வேறொரு கேள்வி எழுகிறது. மைசூர் ஊதுபத்தி 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் பெண்களின் வீட்டு உழைப்பு. மண்டி மொஹல்லா போன்ற பழைய குடியிருப்புகளைக் கொண்ட இந்நகரில், பீடி சுற்றுவதைப் போலவே ஊதுபத்தி உருட்டுவதும் வீட்டுத் திண்ணைகளில் வேரூன்றிய தொழில். கரித்தூளையும் ஜிகட் தூளையும் பிசைந்து மூங்கில் குச்சியில் உருட்டுவது வீட்டில். நறுமணம் ஏற்றுவதும் பெட்டியில் அடைப்பதும் தொழிற்கூடத்தில்.

தரம் யாருடைய பொறுப்பு?

பத்தியின் பருமன் சீராக இருப்பதும், அது இடையில் அணையாமல் எரிவதும் உருட்டும் விரல்களைப் பொறுத்தவை. ஆனால் மாவின் தரத்தையோ குச்சியின் தரத்தையோ அப்பெண்கள் முடிவு செய்வதில்லை. மூலப்பொருள் தருபவர் ஒருவர். சரக்கைச் சரிபார்த்துக் கழிப்பவர் வேறொருவர். எண்ணிக்கைக்கோ எடைக்கோ கூலி பெறும் தொழிலில், கழிக்கப்படும் ஒவ்வொரு கட்டும் நேரடி வருமான இழப்பாகும். பிழைக்கு யார் காரணம் என்ற விசாரணையின்றி, அதன் விலையை மட்டும் வரிசையின் கடைசியில் நிற்கும் பெண் சுமக்கிறார்.

இந்தச் சிக்கலை இந்தியச் சட்டம் முன்பே உணர்ந்திருந்தது. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், மூலப்பொருள் வழங்கல், பீடிகளைக் கழித்தல், கூலி ஆகியவை தொடர்பாக வீட்டுத் தொழிலாளர்களுடன் எழும் தகராறுகளைத் தீர்க்க வழிவகை செய்தது. அதாவது, தரப் பரிசோதனை என்பது தொழிலாளர் உரிமை சார்ந்த விஷயமும் கூட என்பதை அச்சட்டம் ஏற்றுக்கொண்டது. பீடிக்குக் கிடைத்த அத்தகைய தனிச் சட்டம் ஊதுபத்திக்குக் கிடைக்கவில்லை.

இயந்திரம் கொண்டுவந்த மாற்றம்

2019 ஆகஸ்டில் ஊதுபத்தி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 2020 ஜூனில் மூங்கில் குச்சிக்கான இறக்குமதி வரி 10 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில் காதி, கிராமத் தொழில்கள் ஆணையம் தானியங்கி இயந்திரங்களை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஓர் இயந்திரம் நாளொன்றுக்குச் சுமார் 80 கிலோ பத்தி தயாரிக்கும். 4 பேருக்கு நேரடி வேலை கிடைக்கும் என்பது ஆணையத்தின் கணக்கு.

அந்த நால்வர் யார் என்பதே பாலினக் கேள்வி. வீட்டையும் குழந்தைகளையும் விட்டு, குறித்த நேரத்தில் தொழிற்கூடத்துக்குச் செல்ல முடியாத பெண், கைத்திறன் எவ்வளவு இருந்தாலும் இந்த மாற்றத்துக்கு வெளியே நின்றுவிடுவார். இயந்திரத்தை இயக்கும் பயிற்சி, பணிநேர நெகிழ்வு, குழந்தைகள் காப்பகம் ஆகியவை இல்லாத நவீனமயம், உற்பத்தியைப் பெருக்கினாலும் பழைய உழைப்பாளியை உதிர்த்துவிடும்.

செய்ய வேண்டியது என்ன?

உலகெங்கும் பின்பற்றப்படும் ஐஎஸ்ஓ 9001 தர மேலாண்மை முறையின் 7 கோட்பாடுகளில், பணியாளர்களின் ஈடுபாடும் ஒன்று. தொழிற்கூடச் சுவருக்குள் இருப்பவர்களோடு இந்தக் கோட்பாடு நின்றுவிடக் கூடாது. கழிக்கப்படும் சரக்குக்கு எழுத்துப்பூர்வக் காரணம், மூலப்பொருள் குறைபாட்டுக்குக் கூலிப் பிடித்தம் இல்லை என்ற விதி, தரக்குழுக்களில் வீட்டுத் தொழிலாளர் பிரதிநிதித்துவம் ஆகியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, வீடு சார்ந்த தொழிலாளர் என்ற வரையறையைக் கொண்டுள்ளது. ஆனால் வீட்டுவழி உழைப்புக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1996-ஆம் ஆண்டு 177-ஆவது உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

கைத் தயாரிப்பு ஊதுபத்தி இப்போது அரசின் தரநிலையில் ஒரு தனி வகை. அதைத் தயாரிக்கும் கைகள் நிறுவனங்களின் பதிவேட்டில் பெயரோடு இடம்பெறும்போதுதான் அந்தத் தரநிலை முழுமை பெறும்.