கசடில் இருக்கிறது கரன்ட்

சென்னை கொடுங்கையூர் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டும்போது மூக்கில் ஏறுவது ஹைட்ரஜன் சல்பைடு. மின்சாரம் தரும் மீத்தேனுக்கு வாசனையே கிடையாது. இரண்டும் கசடிலிருந்து ஒன்றாகவே கிளம்புகின்றன, சிக்கலும் அங்கேதான்.

கழிவுநீரோ கடல்நீரோ, சுத்திகரிக்கும் நிலையங்களுக்குப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்றதும் அதிகாரிகளின் கண் சோலார் பேனல் மீதே விழுகிறது. திறப்பு விழாவுக்குத் தோதான பொருள்தான். ஆனால் கணக்கு உதைக்கிறது. சென்னை அருகே நெம்மேலியில் 2024-ல் திறக்கப்பட்ட, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தின் திறன் நாளுக்கு 15 கோடி லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு மூன்றரை யூனிட் என்று வைத்தாலும் தினமும் 5.25 லட்சம் யூனிட் வேண்டும். ஒரு மெகாவாட் சோலார் நாளுக்குச் சுமார் 4,000 யூனிட் தரும். நான்கைந்து ஏக்கரையும் விழுங்கும். ஆக, 130 மெகாவாட். 500 ஏக்கருக்கு மேல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதற்கு இடம் எங்கே? ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம் 2006-ல் கடல்நீர் நிலையம் திறந்தபோது, அதன் மின்தேவைக்கு ஈடாக வெகுதொலைவில் உள்ள எமு டவுன்ஸ் காற்றாலையை நம்பியது. நமக்கு முப்பந்தல் காற்றாலைகள் இருக்கின்றன.

கழிவுநீரின் கதை வேறு. அது தன் எரிபொருளைத் தானே சுமந்து வருகிறது. அங்கே செலவாகும் மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதியைக் காற்றடிக்கும் ப்ளோயர்கள் தின்றுவிடும். பாக்டீரியாவுக்கு ராத்திரியும் மூச்சு வேண்டுமே, சூரியனை மட்டும் நம்ப முடியாது. செரிகலனில் கசடு புளித்து வரும் கேஸோ இரவு பகல் பார்ப்பதில்லை. ஆஸ்திரியாவின் ஸ்ட்ராஸ் நிலையம் 2005-லேயே தன் தேவைக்கு மேல் மின்சாரம் எடுத்துக் காட்டியது. சென்னையிலும் கொடுங்கையூர், கோயம்பேடு, பெருங்குடி, நெசப்பாக்கம் நிலையங்களில் கேஸ் எஞ்சின்கள் வந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே, முடியுமா என்ற கேள்வி பழசு. எஞ்சின் வருடத்தில் எத்தனை நாள் ஓடுகிறது என்பதே கேள்வி.

ஹைட்ரஜன் சல்பைடைக் கழுவி எடுக்காமல் கேஸை எஞ்சினுக்குள் விட்டால், எரிந்து ஈரத்தோடு சேர்ந்து கந்தக அமிலமாகும். பேரிங் அரிக்கும், ஆயில் கெடும். உதிரிபாகத்துக்குக் கோப்பு நகரும் வரை கேஸ் வெறும் தீயாக எரிந்து வானத்துக்குப் போகும். ஒப்பந்ததாரருக்குச் சுத்திகரித்த லிட்டருக்கு மட்டும் பணம் என்றால், எஞ்சினைப் பழுது பார்க்க அவருக்கு என்ன அவசரம்? கேஸிலிருந்து எடுத்த யூனிட்டுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

கோயம்பேட்டில் இன்னொரு வசதியும் உண்டு. அங்குள்ள காய்கறிச் சந்தையின் அழுகிய தக்காளியும் முட்டைக்கோஸ் இலையும் செரிகலனுக்கு நல்ல தீனி. சணல் கயிற்றையும் பாலித்தீன் பையையும் கடையிலேயே பிரித்துவிட வேண்டும். அவை சிக்கிக்கொண்டால் பம்ப் நின்றுவிடும்.

முதலில் அதிகாரிகள் ஒன்று செய்யட்டும். நேற்று எஞ்சினுக்குப் போன கேஸ் எவ்வளவு, வீணே எரித்தது எவ்வளவு என்று நிலைய வாசல் பலகையில் தினமும் எழுதிப் போடட்டும்.