பரீட்சைக்குப் பயிலும் முறை

பரீட்சை அணுகுந்தோறும் நம் கலாசாலை விடுதியிலே இரவு முழுதும் விளக்கெரியக் காண்கிறோம். பருவம் முழுவதும் தீண்டப்படாதிருந்த புத்தகங்கள் அப்பொழுதுதான் திறக்கப்படுகின்றன. பரீட்சை முடிந்த மறுவாரமே வாசித்தவை யாவும் நெஞ்சைவிட்டு அகல்கின்றன. இது சோம்பலால் மாத்திரம் விளைவதன்று. பயிலும் முறை அறியாமையாலும் விளைவதாம் என்பதே நம் கருத்து.

ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹௌஸ் என்பார் தம் ஞாபக சக்தியைத் தாமே சோதித்து 1885-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். பொருளற்ற 12 அசைகளை ஒரே அமர்வில் 68 முறை ஓதியதால் வந்த பயன், மூன்று நாட்களுக்குப் பகிர்ந்து 38 முறை ஓதியதாலேயே தமக்குக் கிட்டிற்று என்கிறார் அவர். உழைப்பு ஏறக்குறையப் பாதியாயிற்றன்றோ!

அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கே என்னும் இருவர் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியும் கருதத்தக்கது. ஒரு பகுதியை இருமுறை வாசித்தலையும், ஒருமுறை வாசித்தபின் புத்தகத்தைப் பாராமல் நினைவிலிருந்து எழுதுதலையும் அவர்கள் ஒப்பிட்டனர். ஐந்து நிமிஷங் கழித்துக் கேட்டபோது மீண்டும் வாசித்தலே மேம்பட்டது. ஒரு வாரங் கழித்துக் கேட்டபோதோ, வாசித்ததில் நூற்றுக்கு 42 பங்கும், எழுதிப் பார்த்ததில் 56 பங்கும் நினைவில் நின்றன. மீள வாசிக்குங்கால் தெரிந்ததுபோல் தோன்றுவது மயக்கமே என்பது இதனாற் புலனாம். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஏடு பாராமல் ஒப்பிக்கச் செய்ததும் ஒருவகையில் இதுவே. பொருளுணர்ந்து ஒப்பித்தலே நாம் வேண்டுவது.

இவையெல்லாம் ஓய்வுடையோர்க்கே இயலும் எனச் சிலர் கூறலாம். சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டிப் பக்கத்திலே அரளிப்பூப் பயிரிடும் குடும்பங்கள் பல. அத்தகைய வீட்டுப் பிள்ளை விடியுமுன் மொக்குப் பறித்துக் கொடுத்துவிட்டே பஸ் ஏறவேண்டும். அவனுக்கு மேஜையும் தனியறையும் ஏது? ஆயினும் கை பூப்பறிக்கையில் நேற்றைய பாடத்தை மனம் திரும்பச் சொல்லலாம். மறந்ததைப் பஸ்ஸிலே புத்தகம் திறந்து பார்த்துக்கொள்ளலாம். மூன்று நாள் கழித்து ஒருமுறை, மறுவாரம் ஒருமுறை அவ்வாறு செய்தால் பரீட்சைக்கு முந்தின இரவு நன்கு உறங்கலாம். ஓய்வில்லாதவனுக்கே இம்முறை மிகவும் உரியது.

ஆயின் இதனை அவனுக்குச் சொல்வார் வேண்டும். முறை அறியாமல் தவறியவர்கள் தமக்கு அறிவே குறைவென்று மனந்தளர்ந்து படிப்பை விட்டு நீங்குவது நமக்குப் பெருந்துயர் தருகிறது. ஆதலின் ஆசிரியர்மார்க்கு ஒரு விண்ணப்பம். வாரந்தோறும் ஒரு வகுப்பின் முதற் பத்து நிமிஷத்தில், சென்ற வாரப் பாடத்திலிருந்து ஐந்து வினாக்கள் கேட்டு எழுதச் செய்யுங்கள். அதற்கு மார்க்கு வேண்டா. மாணாக்கர் தம் விடையைத் தாமே திருத்திக்கொள்ளட்டும். மாணாக்க நண்பர்களே, அதுவரையிற் காத்திராமல், இன்று கேட்ட பாடத்தை இன்றிரவே புத்தகத்தை மூடி வைத்து எழுதிப் பாருங்கள்.