தாமதத்துக்கு வட்டி யார் கட்டுவது?

"தம்பி, பேங்க் பக்கம் போனா கூலி ஏறிடுச்சான்னு கேட்டுட்டு வாப்பா." 2025 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெரியம்மா என்னிடம் கேட்ட முதல் விஷயம் இதுதான். டிசம்பரில் நூறு நாள் வேலையில் ஆறு நாள் வாய்க்கால் மண் சுமந்திருந்தார். கூலி ஏறவில்லை. பொங்கலுக்கு ஐந்து வட்டிக்கு 2,000 ரூபாய் வாங்கினார். கூலி வந்தது ஏப்ரலில்!

பெரியம்மா மட்டுமல்ல. அந்த ஜனவரியில் தமிழக முதல்வர் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில், தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய கூலி பாக்கி 1,056 கோடி ரூபாய் என்று இருந்தது.

நான் பி.காம். மாணவன். எங்கள் பாடத்தில் தாமதத்துக்கு எப்போதும் ஒரு விலை உண்டு. வருமான வரி ரீஃபண்ட் தாமதமானால் மாதம் அரை சதவீதம் வட்டி. சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கி 45 நாளில் பணம் தராவிட்டால், வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இது 2006ஆம் ஆண்டுச் சட்டம். ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், ஐந்து நாளுக்குப் பிறகு தினம் 100 ரூபாய் நஷ்ட ஈடு. வாடிக்கையாளர் கேட்காமலே தர வேண்டும் என்று 2019ல் ரிசர்வ் வங்கி சொன்னது.

ஏழைக்கு மட்டும் சட்டம் இல்லையா? இருந்தது. 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டப்படி 15 நாளில் கூலி தர வேண்டும். வருகைப் பதிவேடு முடிந்த 16ஆம் நாளுக்குப் பிறகு, நூறு ரூபாய்க்கு நாளொன்றுக்கு 5 பைசா நஷ்ட ஈடு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் முழுக் கூலி 319 ரூபாய். ஆறு நாளுக்கு 1,914. நூறு நாள் தாமதம் என்றால் நஷ்ட ஈடு சுமார் 96 ரூபாய். அதே காலத்தில் பெரியம்மா கட்டிய வட்டி 300! அந்த 96 ரூபாயும் அவருக்கு வரவில்லை.

ஏன் வருவதில்லை? கோளாறு கடிகாரத்தில் இருந்தது. மாநிலத்தில் அதிகாரி கையெழுத்திட்டு பண ஆணை உருவான நாளோடு தாமதக் கணக்கை நிறுத்திவிட்டார்கள். அதன்பின் டெல்லியிலிருந்து பணம் வர ஆன நாட்கள் கணக்கிலேயே சேரவில்லை. கணக்கில் வந்த தாமதத்துக்கும் ஒன்றிய அளவில் அதிகாரி ஒப்புதல் தர வேண்டும். தாமதம் செய்த அலுவலகமே தன் தாமதத்துக்குத் தீர்ப்பு எழுதினால் எப்படி இருக்கும்? இந்தப் பொறுப்பு மாநிலத்துக்கும் உண்டு, மத்திய அரசுக்கும் உண்டு என்று 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், 2025ல் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கை காட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

"நிதி வரவில்லை, என்ன செய்வது?" என்பார்கள். வரி கட்டத் தவறிய வியாபாரி "வரவு இல்லை" என்று சொன்னால் அரசு வட்டியை விட்டுவிடுமா?

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாக 125 நாள் வேலைக்கான புதிய சட்டத்தை நிறைவேற்றியது. பெயர் மாறலாம், நாள் கூடலாம். நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, தாமதக் கணக்கு வேலை முடிந்த நாளில் தொடங்கி, பணம் தொழிலாளி கணக்கில் ஏறும் நாளில்தான் முடிய வேண்டும். இரண்டு, நஷ்ட ஈடு யார் ஒப்புதலும் இல்லாமல் கூலியோடு தானாக ஏற வேண்டும். மூன்று, எந்த அலுவலகத்தில் எத்தனை நாள் தங்கியது என்பதை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். கணக்கு எண் தவறி பணம் திரும்பிப் போனால் அதையும் அங்கேயே எழுத வேண்டும்.

இதற்கெல்லாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். ஏ.டி.எம். வாடிக்கையாளருக்குக் கொடுத்த மரியாதையை மண் சுமந்தவருக்கும் கொடுத்தால் போதும். தாமதத்துக்கு அரசு காசு கொடுக்க வேண்டி வந்தால், ஃபைல் தானாக நகரும். இல்லையென்றால் அரசு செய்யும் தாமதத்துக்கு வட்டி கட்டுவது எப்போதும் என் பெரியம்மாவாகத்தான் இருப்பார்.