வளைகுடாவில் பழகிய மௌனம்



உள்ளூராட்சித் தேர்தல் நெருங்கும் காலத்தில், இங்கிலாந்தில் எமது தபால் பெட்டிகளுக்குள் பீட்சாக் கடை விளம்பரங்களோடு இன்னொரு துண்டுப் பிரசுரமும் வந்து விழுவதுண்டு. உங்கள் வட்டாரத்து வேட்பாளர்களைச் சந்தியுங்கள், இடம் சேர்ச் மண்டபம், அனைவரும் வரலாம், தேநீர் உண்டு என்று அதில் இருக்கும். எம்மவர் வீடுகளில் அது பெரும்பாலும் நேரே குப்பைக் கூடைக்குள் போய்விடுகிறது.

ஏன் போவதில்லை என்று கேட்டால் மூன்று பதில்கள் வரும். "நாங்கள் சைவம், சேர்ச்சுக்குள் எங்களுக்கு என்ன வேலை?" என்பது ஒன்று. "எங்களுக்கு இன்னும் சிற்றிசன் கிடைக்கவில்லையே" என்பது இரண்டாவது. மூன்றாவது பதில் குரலைத் தாழ்த்தி வரும். "அரசியல் கதைக்கிற இடத்துக்குப் போய், பிறகு விசாவுக்கு ஏதும் வந்தால்?"

இந்த மூன்றாவது பதிலை அதிகம் சொல்பவர்கள் டுபாய், டோஹா, குவைத் என்று சில காலம் இருந்துவிட்டு வந்த குடும்பங்கள். நாங்களும் அந்த வழியால் வந்தவர்கள்தான். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது, இங்கே அதற்கு இடமுண்டா என்பதை இம்முறை பார்ப்போம்.

வளைகுடாவில் தேவாலயங்கள் இல்லாமல் இல்லை. பஹ்ரெய்னின் மனாமாவில் திரு இருதய ஆலயம் 1939ஆம் ஆண்டிலேயே எழுந்தது. டுபாயில் ஊத் மேத்தாவில் உள்ள புனித மரியாள் ஆலயம், ஷேக் றாஷித் வழங்கிய நிலத்தில் 1967இல் திறக்கப்பட்டது. கட்டாரில் டோஹாவுக்கு வெளியே செபமாலை மாதா ஆலயம் 2008இல் திறக்கப்பட்டது. சவூதியில் மட்டும் ஒரு தேவாலயமும் இல்லை. டுபாயில் தமிழிலும் பூசை உண்டு. 2022 தொடக்கத்தில் வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறும்வரை அங்கே வெள்ளிக்கிழமைதான் ஓய்வுநாள். அன்று கேம்ப்புகளிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். கிறிஸ்தவர் மட்டுமல்ல, ஊர்க்காரர் ஒருவரைக் காணலாம், ஊர்ப் புதினம் கேட்கலாம் என்று சைவக்காரரும் அந்த மதில் ஓரமாக வந்து நிற்பதுண்டு.

ஆனால் அந்த மதிலுக்குள் ஒரு தேர்தல் கூட்டத்தை யாரும் கண்டிருக்க மாட்டார்கள். நிலம் ஆட்சியாளர் கொடுத்தது. அனுமதி வழிபாட்டுக்கு மட்டுமே. அரசாங்க அனுமதி இல்லாமல் கூட்டம் கூடினால் குற்றம். அரசியற் கட்சி என்பதே அங்கு கிடையாது. வேலை போனால் விசாவும் போகும் நாட்டில், வாயைத் திறக்காமல் இருப்பதுதான் புத்தி என்று எல்லோரும் பழகிக் கொண்டோம். சோனாப்பூர் கேம்ப்பில் ஓர் அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் படுத்தபோதும், தண்ணீர் வராத நாளிலும், யாரிடம் கேட்பது என்று எமக்குத் தெரியாது. கேட்கக்கூடிய ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணமே எமக்கு வந்ததில்லை.

அங்கும் தேர்தல் இல்லையென்று சொல்ல முடியாது. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் 40 பேர் கொண்ட மத்திய தேசிய சபை 1972 முதல் இருக்கிறது. அதில் 20 பேரைத் தேர்ந்தெடுக்கும் முறை 2006இல் வந்தது. அப்போது வாக்களிக்கத் தெரிவானோர் ஏறத்தாழ 6,600 பேர் மட்டுமே. 2023 ஒக்டோபரில் நடந்த தேர்தலில் அந்தத் தொகை ஏறத்தாழ 3 லட்சத்து 98 ஆயிரமாக வளர்ந்திருந்தது. ஆனால் எல்லோரும் அந்நாட்டுக் குடிமக்கள்; அவர்களிலும் பட்டியலில் பெயர் வந்தவர்கள். சபை ஆலோசனை சொல்லலாம், முடிவெடுப்பது ஆட்சியாளர்கள். குவைத்தில் இதைவிடச் சூடு அதிகம். அங்கே வேட்பாளர்கள் வீடுகளில் உள்ள திவானியா என்ற பெரிய இருப்பறைக்கு வருவார்கள். ஊரார் சுற்றியிருந்து காப்பி குடித்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். பெண்களுக்கு 2005இல் வாக்குரிமை கிடைத்து, 2009இல் நான்கு பெண்கள் உறுப்பினர்களானார்கள். அந்தப் பாராளுமன்றமும் 2024 மே மாதம் கலைக்கப்பட்டு, அரசியலமைப்பின் சில பிரிவுகள் நான்கு ஆண்டுகள்வரை நிறுத்தி வைக்கப்பட்டன. எப்படியிருந்தாலும் அவை நாட்டுக்காரரின் தேர்தல்கள். அவர்களின் கட்டிடங்களைக் கட்டிய எங்களுக்கு அதில் இடமில்லை.

ஒரே மதிலுக்குள் நின்ற பிலிப்பைன்ஸ்காரரின் நிலை வேறு. வெளிநாட்டில் வேலை செய்வோருக்கு வாக்குரிமை தரும் சட்டத்தை அவர்களின் நாடு 2003இல் இயற்றியது. 2004 தேர்தலில் அவர்கள் தூதரகங்களில் வாக்களித்தார்கள். 2025இல் இணையவழி வாக்களிப்பும் வந்துவிட்டது. பொறுப்போடு வாக்களிக்க மக்களைப் பழக்குவதற்கென்றே 1991இல் அங்கே கத்தோலிக்கப் பங்குகளைக் கொண்டு ஓர் அமைப்புத் தொடங்கப்பட்டது. அங்கே தேவாலயம் தேர்தலுக்குக் காவல் நிற்கிறது.

இந்தியத் தமிழருக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வாக்கைத் தந்தது. ஆனால் கடவுச்சீட்டோடு சொந்த ஊர் வாக்குச்சாவடிக்கு நேரில் போக வேண்டும். விமானச் சீட்டுக்கு யார் காசு கொடுப்பது? பதிலாள் மூலம் வாக்களிக்கும் மசோதா 2018இல் லோக்சபாவில் நிறைவேறி, மேற்கொண்டு நகராமல் 2019இல் காலாவதியானது. இலங்கையருக்கு அதுவுமில்லை. 2024 ஜனாதிபதித் தேர்தலிலும், 2025 மே உள்ளூராட்சித் தேர்தலிலும்கூட, வெளிநாட்டில் உழைப்பவர் இருந்த இடத்தில் வாக்களிக்க வழி இருக்கவில்லை. ஆக, வளைகுடாவில் நின்ற எங்களுக்கு அங்கும் வாக்கில்லை, ஊரிலும் வாக்கில்லை. மாதாமாதம் அனுப்பிய காசு மட்டும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்படி இரண்டு பக்கமும் வாயடைத்துப் பழகியவர்கள் இங்கே வந்து, சேர்ச் மண்டபத்தில் வேட்பாளர்கள் என்றதும் திகைப்பது இயல்புதான். போதாததற்கு எமது ஊர்ச் சட்டமும் மனதில் இருக்கிறது. இலங்கைத் தேர்தல் சட்டத்தில், ஒரு வேட்பாளரை வெல்ல வைப்பதற்காக வழிபாட்டுத் தலத்தில் கூட்டம் வைப்பது குற்றம். இந்தியாவிலும் கோயில், மசூதி, தேவாலயங்களைத் தேர்தல் பிரசார மேடையாக்கக் கூடாது என்பது நடத்தை விதி. பிறகு இங்கே மட்டும் எப்படி?

இங்கே நடப்பது பிரசாரக் கூட்டமல்ல. ஹஸ்டிங்ஸ் என்று இதற்குப் பெயர். ஒரு கட்சிக்காரர் மட்டும் வந்து பேசிவிட்டுப் போவதல்ல. வட்டாரத்தில் போட்டியிடும் கட்சிகள் எல்லாவற்றையும் அழைத்து ஒரே மேசையில் இருத்துவார்கள். தேவாலயங்கள் இங்கு தர்ம ஸ்தாபனங்கள். எந்தக் கட்சிக்கும் ஆதரவு கேட்க அவற்றுக்குச் சட்டத்தில் இடமில்லை. பாதிரியார் தலைமை தாங்கினாலும் இன்னாருக்குப் போடுங்கள் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சில நிமிடங்கள் தருவார்கள், பிறகு சனங்களின் கேள்விகள். குவைத்துத் திவானியாவில் நாட்டுக்காரர் செய்ததை இங்கே எங்கள் தெருவில் எல்லோரும் செய்யலாம், அவ்வளவுதான். பூசை இல்லை, பிரார்த்தனைக்கு யாரும் அழைக்க மாட்டார்கள். சனிக்கிழமைகளில் எத்தனையோ ஊர்களில் எமது பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி நடப்பதும் இப்படியான சேர்ச் மண்டபங்களில்தானே!

இனி இரண்டாவது பதிலுக்கு வருவோம். எம்மில் பலருக்குத் தெரியாத விடயம் இது. இங்கிலாந்தில் வாக்களிக்க பிரித்தானியப் பிரஜையாக இருக்க வேண்டியதில்லை. இலங்கையும் இந்தியாவும் பொதுநலவாய நாடுகள். ஆகவே 18 வயது வந்த, தங்குவதற்கு அனுமதி பெற்ற இலங்கையரும் இந்தியரும் உள்ளூராட்சித் தேர்தலிலும் பாராளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். அகதி அந்தஸ்து கிடைத்தவர்களும் இதில் அடக்கம். விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் காத்திருப்போருக்கு வாக்கில்லை. அவர்கள் பதியக்கூடாது, பொய்த் தகவல் கொடுத்துப் பதிவது குற்றம். கூட்டத்துக்குப் போய்க் கேள்வி கேட்க அவர்களுக்கும் தடையில்லை. வாசலில் யாரும் விசாப் பார்ப்பதில்லை.

செய்ய வேண்டியவை சில. கவுன்சிலில் இருந்து வாக்காளர் பதிவுப் படிவம் வந்தால் ஒதுக்கி வைக்காதீர்கள். பதியும்படி கேட்டும் பதியாமல் விட்டால் 80 பவுண் வரை தண்டம் வரலாம். தேர்தலுக்கு 12 வேலை நாட்களுக்கு முன் பதிவு முடிய வேண்டும். பெயர் வெளியே தெரியும் என்று பயப்படுவோர், யாரும் வாங்கக்கூடிய திறந்த பட்டியலில் பெயர் வேண்டாம் என்று படிவத்திலேயே சொல்லலாம். உயிராபத்து உள்ளவர்களுக்குப் பெயர் மறைத்துப் பதியும் முறையும் உண்டு. 2023 முதல் இங்கிலாந்தின் உள்ளூராட்சித் தேர்தல்களில் படத்துடன் கூடிய அடையாள ஆவணம் கேட்கிறார்கள். சொந்த நாட்டுக் கடவுச்சீட்டோ சாரதி அனுமதிப் பத்திரமோ இல்லாத அகதிக் குடும்பங்கள், வாக்காளர் அத்தாட்சிப் பத்திரத்துக்கு இலவசமாக விண்ணப்பிக்கலாம். வாக்கு இரகசியமானது. 1872ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இந்நாட்டில் அப்படித்தான். யாருக்குப் போட்டீர்கள் என்பது ஹோம் ஒபிஸுக்கும் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியாது, பக்டரி போர்மனுக்கும் தெரியாது.

கூட்டத்தில் என்ன கேட்பது? கவுன்சிலர் விசாத் தர மாட்டார், அது மத்திய அரசின் வேலை. கவுன்சிலின் கையில் இருப்பவை கவுன்சில் வீடுகள், குப்பை எடுப்பது, நூலகம், தெரு வெளிச்சம், முதியோர் பராமரிப்பு போன்றவை. சுவரில் பூஞ்சணம் பிடித்து, பிள்ளை இரவிரவாக இருமுகிறதா? அதைக் கேளுங்கள். இரவு ஷிப்ட் முடிந்து வரும் தெருவில் விளக்கு எரியவில்லையா? அதைக் கேளுங்கள். கேள்வி உங்கள் தெருவைப் பற்றியதாக, ஒரு வரியில் இருக்கட்டும். ஆங்கிலம் தடுமாறினால் கடுதாசியில் எழுதித் தலைவரிடம் கொடுக்கலாம், அவரே வாசிப்பார். அக்காமார், தங்கைமார் கட்டாயம் போக வேண்டும். வீட்டுச் சுவரையும் பள்ளிக்கூட வாசலையும் நாளாந்தம் காண்பவர்கள் அவர்கள்தான்.

எம்மவர் ஓரிருவர் போய் என்ன ஆகப் போகிறது என்று நினைக்க வேண்டாம். லண்டனின் பறோக்களில் கவுன்சிலர்களைத் தெரிவு செய்வது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான், சில வட்டாரங்களில் வெற்றி தோல்வி விரல் விட்டு எண்ணக்கூடிய வாக்குகளில் தீர்கிறது. போரினால் இடம்பெயர்ந்து வந்த ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகளான உமா குமரன் 2024 ஜூலையில் ஸ்ற்றாட்போர்ட் அண்ட் போ தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். முதலில் வந்து இறங்கிய தலைமுறை பயந்து பயந்தேனும் பெயரைப் பதிந்து வைத்ததால்தான், அடுத்த தலைமுறை மேடை ஏற முடிந்தது.

வளைகுடாவில் நாம் மௌனமாக இருந்ததில் தவறில்லை. அங்கே அது எம்மையும் பிள்ளைகளின் சாப்பாட்டையும் காப்பாற்றியது. இங்கே அதே மௌனத்துக்கு விலை கொடுப்பது எமது பிள்ளைகள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது எமது ஊர்ப் பழமொழி. அடுத்த முறை அந்தத் துண்டுப் பிரசுரம் வந்தால் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போங்கள்.